சேதியும் சேனையும்

யுத்தத்தின் ஜயாபஜயங்களை நிர்ணயிப்பவை ஆள்பலமும் ஆயுதபலமும் என்பது பொதுஜன அபிப்பிராயம். சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் படிப்பவர்கள் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கொள்வார்கள். அதுவே சேதிபலம். ஒரே சைனியம் ஒரே இடத்தில் ஒரே தளபதியின் கண்முன் நிற்கும்போது இதன் அருமை அவ்வளவாகத் தெரிவதில்லை. சைனியம் பல பிரிவுகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று காணாத தூரத்தில் நின்று, ஆயினும் ஒரே காரியத்தை முடிக்க வேண்டியிருக்கும்போதுதான் சேதியின்றி ஆயுதம் குருடு என்பது விளங்குகிறது. சேதி கிட்டாமல் அழிந்த சேனைகள் உண்டு. சேதி கைக்கு வந்து சேர்ந்த பின்னும், அது வந்த விதத்தினால் ஒரு தீர்மானத்துக்கு வர இயலாமல் அழிந்த சேனைகளும் உண்டு. பின்னவையே அதிகப் பரிதாபத்துக்குரியவை. ஆதலால் அவற்றைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

இதற்கு அத்தாட்சி தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில், கொளவாய் ஏரியைத் தாண்டிச் செங்கற்பட்டுக் கோட்டையை ஊடறுத்துக் கொண்டு செல்கிறது. பிரயாணிகளில் பலர் தாங்கள் ஒரு கோட்டைக்குள் போகிறோம் என்பதையே அறியார். இந்தக் கோட்டையும், கிழக்கே மாமல்லபுரம் போகும் கடற்கரை வழியிலுள்ள கோவளமும், மேற்கே காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரும் நமக்குப் புகட்டும் பாடம் ஒன்று உண்டு. அந்தப் பாடத்திற்கு உயிரால் விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் நம் நாட்டுச் சிப்பாய்களே. அதனால் அது நமக்கு உரிய பாடமுமாகும்.

ஒரு நாள் பழைய சேதி

1752-ஆம் வருஷம் கர்நாடகத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இரண்டு நவாபுகளை முன்னிறுத்திப் போர் புரிந்து வந்த காலம். கோவளத்துக் கோட்டையும் செங்கற்பட்டுக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. இவற்றைப் பிடிப்பதற்காக ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டார். அவருடன் சென்றவர்கள் அப்பொழுதுதான் கப்பலிலிருந்து இறங்கிய ஐரோப்பியர் 200 பேரும், புதிதாகச் சேர்க்கப்பட்ட சிப்பாய்கள் 500 பேருமே. கோவளத்தின் முன் முதல் குண்டு விழுந்ததும் இவர்கள் மிரண்டு ஓடினார்கள் என்றும், காவலுக்கு நின்ற ஒருவனைச் சில மணி நேரம் தேடி ஒரு கிணற்றின் அடியிலே கண்டெடுத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட பட்டாளத்தை வைத்துக் கொண்டே கிளைவ் சில நாட்களில் கோவளத்தைச் சரணடையச் செய்தார்.

விசேஷம் இதன்பின் நடந்ததில்தான் இருக்கிறது. கோவளம் வீழ்ந்த மறுநாட்காலை செங்கற்பட்டிலிருந்து ஒரு பெரும் பிரிவு கோவளத்துக்கு உதவியாக வந்து கொண்டிருந்தது. கோவளம் முற்றுகையில் இருக்கிறது என்பது அதன் தலைவர் அறிந்த சேதி. முந்தின தினம் வரையில் அது முழு உண்மை. அதன் வயது ஒரு நாள் கூடியதும் அதே சேதி மரணப் பொறியாக மாறிவிட்டது. வருபவர்களைக் கண்டு கொண்ட கிளைவின் ஆட்கள் மறைந்திருந்து சுட்டார்கள். முதல் வெடியிலேயே சுமார் நூறு பேர் விழுந்தார்கள். ஏறக்குறைய முந்நூறு பேர் பிடிபட்டார்கள். எஞ்சியவர்கள் செங்கற்பட்டுக் கோட்டை வாயில்வரை ஓடினார்கள். பின்னர்ச் செங்கற்பட்டும் பணிந்தது.

அந்தப் பிரெஞ்சுத் தளபதியைக் கோழை என்றோ மூடன் என்றோ சொல்ல இடமில்லை. நண்பனுக்கு ஆபத்து என்றதும் கிளம்பியவர் அவர். அவர் கையிலிருந்த சேதிக்கு அவர் செய்த தீர்மானம் பொருத்தமானதே. அந்தச் சேதி எப்பொழுது வரை செல்லும் என்பதைக் காட்டும் குறியொன்று அவரிடம் இல்லை. குறை அவ்வளவுதான்.

புள்ளலூர்ப் புகை

இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பின், இதே சீமையில் இதனினும் பெரிய அனர்த்தம் நேர்ந்தது. 1780 ஜூலை மாதம் ஹைதர் அலி பெரும் படையுடன் மைசூரிலிருந்து கணவாய் வழியே இறங்கிக் கர்நாடகத்தில் புகுந்தார். ஆங்கிலேயரின் சைனியம் அப்பொழுது சிதறிக் கிடந்தது. கர்னல் பெய்லி என்பவர் குண்டூரிலிருந்து சுமார் 2,800 பேருடன் தெற்கே வந்து கொண்டிருந்தார். பக்ஸார் யுத்தத்தில் வெற்றி கண்டு புகழ் பெற்ற ஸர் ஹெக்டர் மன்றோ பிரதம தளபதியாயிருந்தார். இருவரும் காஞ்சிபுரத்தில் ஒன்று கூடுவதென்று ஏற்பாடாயிற்று. மன்றோ ஆகஸ்டு மாதக் கடைசியில் 5,000 பேருக்கு மேற்பட்ட படையுடன் காஞ்சியை அடைந்து காத்திருந்தார்.

பெய்லி கொற்றலையாற்றின் கரைக்கு வந்த சமயம் ஆற்றில் நீர் அதிகமில்லை. அன்றே கடக்காமல் வடகரையில் தங்கினார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அக்கரையிலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஆற்றைக் கடந்து பெரம்பாக்கம் வந்த அவரைச் செப்டம்பர் 6-ஆம் தேதி ஹைதரின் குமாரர் திப்பு தாக்கினார். பெய்லி அத்தாக்குதலைச் சமாளித்தாரேனும் மேலே செல்லும் நிலையில் இல்லை. தம்மால் வந்து சேர இயலாது, தளபதியே தம்மிடம் வர வேண்டும் என்று மன்றோவுக்குச் சீட்டு அனுப்பினார். இருவருக்கும் இடையே இருந்த தூரம் பதினைந்து மைலுக்கு உட்பட்டதே. இன்று மோட்டாரில் அரை மணி நேரத்துக்குள் கடக்கக் கூடிய தூரம். அந்தப் பதினைந்து மைல்தான் சுமார் 3,800 பேரின் தலைவிதியை நிர்ணயித்தது.

மன்றோவின் நிலையைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம். அவரிடம் இருந்தவை மூன்று: தூரத்தில் நடந்த பீரங்கிச் சத்தம், எழுதியவரின் நிலைமை அதற்குள் மாறியிருக்கக் கூடிய ஒரு சிறு சீட்டு, ஹர்க்காராக்களும் வழிகாட்டிகளும் வாய்மொழியாகச் சொன்ன சமாசாரங்கள். ஹர்க்காராக்களில் யார் தம்முடைய சம்பளத்துக்கு உழைக்கிறார்கள், யார் ஹைதரின் பணத்துக்கு உழைக்கிறார்கள் என்பதை அவரால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. காஞ்சியை விட்டு முழுச் சைனியத்தோடு கிளம்பினால் அங்கே சேர்த்து வைத்த தானியமும் தளவாடங்களும் போய்விடும். கிளம்பாவிட்டால் பெய்லி போய்விடக் கூடும். இவ்விரண்டுக்கும் இடையே நடுவழி ஒன்றை அவர் தேர்ந்து கொண்டார். கர்னல் பிளெச்சர் என்பவரைச் சுமார் 1,000 பேருடன் இரவிலே அனுப்பினார்.

இந்தப் பிளெச்சர் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. தம்மை அழைத்துச் சென்ற வழிகாட்டிகளின் மீது அவருக்குச் சந்தேகம் உண்டாயிற்று. அவர்கள் சொன்ன பாதையை விட்டு வேறு பாதையில் சுற்றிச் சென்றார். அதனால் ஹைதரின் ஆட்கள் கையில் அகப்படாமல் செப்டம்பர் 9-ஆம் தேதி காலையில் பெய்லியோடு சேர்ந்து கொண்டார். சேதியை மட்டும் பார்க்காமல், சொல்பவன் யார், அவனுக்கு இது எவ்வாறு தெரியும் என்பதையும் அவர் பார்த்தார். அந்தச் சில தினங்களில் ஆங்கிலேயர் தரப்பில் சேதியை எடை போட்டு நடந்ததற்குச் சொல்லக் கூடிய ஒரே உதாரணம் இதுவே.

9-ஆம் தேதி இரவு பெய்லி புறப்பட்டார். சிறிது தூரம் சென்றபின் விடியும்வரை தங்கிவிட்டார். அவர் ஏன் நின்றார் என்பது இன்றளவும் விவாதத்துக்குரிய விஷயம். அவர் நின்றது ஹைதருக்கு உடனே தெரிந்தது. மன்றோ காஞ்சியை விட்டு அசையவில்லை என்பதும் ஹைதருக்குத் தெரிந்தது. இரண்டு சேதிகளும் ஒரே மனிதரிடம் ஒரே இரவில் வந்து கூடின. அவர் தம் முழுப் பலத்தையும் இரவோடு இரவாகப் பெய்லியின் வழியில் கொண்டு வந்து நிறுத்தினார். 10-ஆம் தேதி காலையில் புள்ளலூரில் நடந்தது யுத்தம் என்பதைவிட சங்காரம் என்பதே தகும். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பிளெச்சர் மாண்டார். காயமுற்ற பெய்லி சிறைப்பட்டு, 1782-இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார்.

அதே காலையில் மன்றோ காஞ்சியிலிருந்து கிளம்பினார். தூரத்தில் புகை தெரிந்தது, சத்தம் கேட்டது. அந்தத் திசை நோக்கி நடந்தார். பிறகு சத்தம் அடங்கியது. பெய்லி ஜயித்துவிட்டார், ஆகையால்தான் அமைதி என்று ஆங்கிலேயர் எண்ணிக் கொண்டார்கள். காயம்பட்டுத் தப்பி வந்த ஒரு சிப்பாய் எதிர்ப்பட்டு நடந்ததைச் சொன்னபோதுதான் உண்மை தெரிந்தது. புகை பொய் சொல்லவில்லை. அங்கே யுத்தம் நடக்கிறது என்பதைச் சரியாகவே சொல்லிற்று. யார் வெல்கிறார்கள் என்பதைச் சொல்லப் புகையால் ஆகாது. அது சொல்லாததைப் பார்த்தவர்களின் ஆசை சொல்லிவிட்டது.

மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். வழியெல்லாம் ஹைதரின் குதிரைப்படை அவரைத் தொல்லைப்படுத்திற்று. செங்கற்பட்டில் எதிர்பார்த்த தானியமும் இல்லை. அங்கிருந்து சென்னைக்கே திரும்பினார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி என்று அக்காலத்தவர் இதைக் கூறினார்கள். அத்தோல்வியின் சித்திரம் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இன்றும் இருக்கிறது. சித்திரத்தில் பெய்லியின் முகம் தெரிகிறது. அவரோடு விழுந்த சிப்பாய்களின் பெயர்கள் நமக்குத் தெரியவில்லை.

சாட்சியமும் தீர்ப்பும்

நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு மன்றோவின் கஷ்டம் புதிதன்று. ஒரு நீதிபதி சம்பவத்தை நேரில் கண்டவரல்லர். பிறர் கொண்டு வந்து வைப்பதைப் பார்த்தே அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதனால்தான் 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதன் ஸ்தானத்தில் அமலுக்கு வந்திருக்கும் பாரதீய சாட்சிய அதிநியமமும், கண்டதைக் கண்டவனே சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவனே சொல்ல வேண்டும் என்று விதிக்கின்றன. தளபதியும் ஒருவகையில் நீதிபதியே. வித்தியாசம் என்னவெனில், அவர் வழக்கை ஒத்திவைக்க முடியாது. அவருடைய தீர்ப்பின் மேல் அப்பீலும் கிடையாது.

நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டு வந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும்; ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம் என்பது வள்ளுவர் காட்டும் முறை. இதில் ‘ஒருவரையொருவர் அறியாத’ என்னும் நிபந்தனையே உயிர்நிலை. ஒரே வதந்தி மூன்று வாய்களின் வழியே வந்தால் அது மூன்று சாட்சியம் ஆகாது. ஒரே சாட்சியத்தின் மூன்று எதிரொலிதான்.

வர்ணங்கள் காட்டிய வயது

இனி, நவீன யுத்தத்திலே இந்தக் குறைகளைத் தீர்த்த வகையையும், தீர்க்கத் தவறிய வகையையும் பார்ப்போம். 1940-ஆம் வருஷம் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கின. கடற்கரை ராடார் நிலையங்களிலிருந்தும், நிலத்தில் நின்று வானத்தைப் பார்த்திருந்த தொண்டர்களிடமிருந்தும் சேதிகள் குவிந்தன. ஒரே விமானக் கூட்டத்தைப் பற்றி இரண்டு நிலையங்கள் இரண்டு விதமாகச் சொல்லும். இவற்றை அப்படியே விமானப்படைத் தலைவர்களிடம் கொட்டியிருந்தால் அவர்கள் திகைத்துப் போயிருப்பார்கள். டௌடிங் என்னும் தளபதி அமைத்த ஏற்பாட்டின்படி, ராடார் சேதிகள் முதலில் ஒரு வடிகட்டும் அறைக்குச் சென்றன. அங்கே முரண்பாடுகளை ஒப்பிட்டு, ஒரு கூட்டத்துக்கு ஒரு தடம் என்று தீர்மானித்த பிறகே அவை கட்டளை அறைகளின் மேஜைப் படங்களில் குறிக்கப்பட்டன.

அதிலும் ஓர் அழகிய யுக்தி இருந்தது. அந்த அறைகளின் கடிகாரத்தில் ஐந்து ஐந்து நிமிஷப் பகுதிகள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வர்ணம் தீட்டப்பட்டிருந்தன. சேதி வந்த பொழுது கடிகாரமுள் எந்த வர்ணத்தில் நின்றதோ, அந்த வர்ண அம்பையே படத்தின் மேல் வைத்தார்கள். மேலிருந்து பார்க்கும் அதிகாரி ஒருவரையும் கேளாமல், எந்தச் சேதி புதிது, எது ஆறிப்போனது என்பதை ஒரே பார்வையில் அறிந்து கொண்டார். இந்த எளிய வர்ணத்துக்கு ஒப்பான ஒன்று 1752-இல் செங்கற்பட்டுத் தளபதியிடம் இருந்திருந்தால் அவர் கோவளத்துக்கு அப்படி நடந்து வந்திருக்க மாட்டார்.

பெரிய யந்திரம், சிறிய எண்

இதற்கு நேர்மாறான உதாரணம் 1988 ஜூலை 3-ஆம் தேதி பாரசீக வளைகுடாவில் நிகழ்ந்தது. வின்சென்ஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் அக்காலத்து அதி நவீனமான ஈஜிஸ் யந்திர சாதனங்களைக் கொண்டது. ஈரானியப் படகுகளுடன் சண்டையில் ஈடுபட்டிருந்த அந்தக் கப்பல், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் போய்க் கொண்டிருந்த ஈரானியப் பிரயாணி விமானத்தைப் போர்விமானம் என்று தவறாக எண்ணிச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் பலர்.

பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்ட விஷயம் யாவரையும் திடுக்கிடச் செய்தது. விமானம் மேலே ஏறிக் கொண்டிருந்ததாகவே கப்பலின் யந்திரம் சரியாகப் பதிவு செய்திருந்தது. கப்பலிலிருந்த சிலரோ அது இறங்கி வருவதாகக் கூவினார்கள். யந்திரம் அறிந்த உண்மை மனிதருக்கு எட்டவில்லை. காரணம், தலைவர் பார்த்திருந்த பெருந்திரையில் விமானம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் காட்டும் குறி கிடையாது. பக்கத்திலுள்ள சிறு திரையில் உயரம் எண்ணாக மட்டும் வரும். முன்பு வந்த எண்ணை மனத்தில் வைத்துக் கொண்டு, இப்பொழுது வந்த எண்ணோடு ஒப்பிட்டு, கூடிற்றா குறைந்ததா என்று கணக்கிட வேண்டும். சுற்றிலும் சத்தமும் பதற்றமுமாயிருக்க, சில நிமிஷங்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். அத்துடன், போர்விமானம் என்று ஒருவர் சொன்னதை மற்றவர்கள் திரும்பச் சொன்னார்கள். வள்ளுவர் எச்சரித்த எதிரொலி அது.

இந்தத் துயரத்தின் விளைவாக அமெரிக்கக் கடற்படை 1990-இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. நெருக்கடியில் மனிதர் தீர்மானம் செய்யும் விதத்தை மனநூல் வல்லார் ஆராய்ந்தார்கள். அவர்கள் வகுத்த புதிய திரைகளில், ஒரு விமானத்தின் உயரமும் தூரமும் எவ்வாறு மாறி வந்தன என்பது ஒரு கோடாக வரையப்பட்டது. ஏற்றமா, இறக்கமா என்பதைக் கணக்கிட வேண்டியதில்லை, கண்ணே சொல்லிவிடும். இன்னொரு பகுதியில், ‘இது பகை விமானம்’ என்னும் கருத்துக்குச் சாதகமான அத்தாட்சிகள் ஒரு பக்கமும், பாதகமானவை மற்றொரு பக்கமும், வெறும் ஊகங்கள் தனியாகவும் காட்டப்பட்டன. வாதியின் தரப்பு, பிரதிவாதியின் தரப்பு என்று நியாயஸ்தலம் நெடுங்காலமாகச் செய்து வந்ததைப் போர்க்கப்பல் 290 உயிர்களின் விலையில் கற்றுக் கொண்டது.

நம் கரையில்

இவையெல்லாம் பிறர் கதை என்று நாம் வாளாவிருக்க முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை சுமார் ஆறரை மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் பூகம்பம் நிகழ்ந்தது. கார் நிக்கோபாரிலிருந்த நமது விமானப்படைத் தளம் கடலலையில் அழிந்தது. வீரர்களும் அவர்களுடைய குடும்பத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். தீவு நீரில் மூழ்குகிறது என்னும் கருத்துடைய சேதி அங்கிருந்து எட்டு மணிக்கு முன்னரே சென்னை விமானப்படைப் பிரிவுக்கு எட்டியது என்று அப்பொழுதைய விமானப்படைத் தலைவர் பிறகு பத்திரிகைகளுக்குச் சொன்னார். அலை நமது கரையை எட்டியது ஏறக்குறைய ஒன்பது மணிக்கு. இடையில் இருந்தது சுமார் ஒரு மணி நேரம். அதே காலையில் வானிலைத் துறை டில்லியில் ஓர் அமைச்சருக்கு அனுப்பிய முதல் அறிவிப்பு, அப்பொழுது அப்பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

விமானப்படையினர் தம் தளத்துக்கு நேர்ந்த ஆபத்தாகவே அச்சேதியைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தீவு மூழ்குகிறது என்னும் சேதிக்குள், ‘இன்னும் ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரத்துக் கரையிலிருந்து ஜனங்களை அப்புறப்படுத்துக’ என்னும் கட்டளை மறைந்திருந்தது. அதை வெளியே எடுத்துக் காட்டும் ஏற்பாடு அன்று இந்நாட்டில் இல்லை. அதே காலையில், அதே கரையில், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் பம்பு அறைக்குள் ஏறியபோது, பணியிலிருந்தவர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். அங்கே அளவைக் காட்டும் கருவி, முடிவு செய்யும் அதிகாரமுடையவர் கண்ணெதிரே இருந்தது. நீர் ஏறினால் செய்ய வேண்டியது இன்னதென்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. நிலையத்தை அடுத்த குடியிருப்பில் முப்பதுக்கு மேற்பட்டோர் அன்று உயிரிழந்தார்கள். அவர்கள் எதிரே அப்படிப்பட்ட கருவி ஏதுமில்லை.

இப்பாடம் வீண்போகவில்லை என்பதைச் சந்தோஷத்துடன் சொல்லலாம். 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. அது வெளியிடும் அறிவிப்புகள் பல படிகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. ஜனங்களை அப்புறப்படுத்த வேண்டியது ஒரு படி. கடலோரத்தை விட்டு விலகச் சொல்வது மற்றொன்று. கவனித்திருந்தால் போதும் என்பது இன்னொன்று. பூகம்பத்தின் அளவைச் சொல்லி நிறுத்தாமல், செய்ய வேண்டிய காரியத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் இதன் சிறப்பு.

கடல்வழிப் பகையைப் பற்றிய நிலைமை இன்னும் சிக்கலானது. 2008 நவம்பர் 26-ஆம் தேதி பம்பாயைத் தாக்கியவர்கள் குபேர் என்னும் குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் வந்தார்கள். கடல் வழியே தாக்குதல் வரக் கூடும் என்னும் எச்சரிக்கைகள் முன்னரே வந்திருந்தன. அவை தனித்தனிக் காரியாலயங்களில் தனித்தனித் துண்டுகளாகக் கிடந்தன. அதன் பின்னர்க் கரையோர ராடார்கள் நிறுவப்பட்டன. கடற்படை, கடலோரக் காவற்படை இரண்டின் நிலையங்களையும் இணைக்கும் மையம் ஒன்று 2014-இல் குருகிராமத்தில் திறக்கப்பட்டது. நமது கரையிலும் கடற்படை, கடலோரக் காவற்படை, மாநிலக் கடலோரப் போலீஸ், மீனவர் ஆகியோர் சேர்ந்து ‘ஸாகர் கவச்’ என்னும் ஒத்திகையை நடத்தி வருகிறார்கள்.

ஆனால், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை விடியற்காலையில் கடலில் எத்தனை படகுகள் மிதக்கின்றன என்பதை அந்தக் கரையில் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். திரையில் அத்தனையும் ஒரே மாதிரிப் புள்ளிகள். புள்ளிகளை அதிகமாக்குவது சுலபம். அவற்றில் எது நேற்று இல்லாதது, எது வழக்கத்துக்கு மாறாக நகர்கிறது, எதைப் பற்றி மீனவர் ஒருவர் சந்தேகம் தெரிவித்திருக்கிறார் என்பதைக் காவலிலிருப்பவர் கண்ணில் படுமாறு செய்வதுதான் கஷ்டமான காரியம். யந்திரங்களை விலைக்கு வாங்கலாம். அந்தக் காரியத்தைச் சிந்தித்துத்தான் செய்து கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது

ஆகையால் அதிகாரத்திலிருப்பவர்களுக்கு நாம் தாழ்மையுடனும் உறுதியுடனும் கூற விரும்புவன சில உண்டு. பாதுகாப்புக்காகச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்காவது, சேதியைக் காட்டும் முறையை ஆராய்வதற்கு ஒதுக்கப்பட வேண்டும். எந்தச் சேதியும் அது எத்தனை மணிக்கு உண்மையாயிருந்தது என்பதைத் தன் நெற்றியிலே தாங்கி வர வேண்டும். கண்டதா, கேட்டதா, ஊகமா என்பது தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். நிலைமையை மட்டுமின்றி அது போகும் போக்கையும் காட்ட வேண்டும். நமது எண்ணத்துக்கு விரோதமான அத்தாட்சியைக் கீழே புதைக்காமல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இறுதியில், இன்னார் இன்னது செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் அது சொல்ல வேண்டும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது மற்றொன்று. சேதி மேலே போவது மட்டும் போதாது. கீழேயும் வர வேண்டும். மன்றோ என்ன செய்யப் போகிறார் என்பது பெய்லிக்குத் தெரியாது. பெய்லி எங்கே நிற்கிறார் என்பது மன்றோவுக்குத் தெரியாது. இருவர் நிலையையும் அறிந்திருந்தவர் ஹைதர் ஒருவரே. பகைவன் வரைந்து வைத்திருக்கும் படம் நம்முடைய படத்தைக் காட்டிலும் முழுமையாயிருக்குமானால், எத்தனை பீரங்கிகள் இருந்தென்ன? குளத்தில் தள்ளுவதற்குத்தான் அவை உதவும்.

இமயத்தின் உச்சியிலோ நடுக்கடலிலோ பத்துப் பேருடன் தனியே நிற்கும் ஓர் இளம் அதிகாரிக்குத் தன் வலப்பக்கத்தில் இருப்பவன் எங்கே நிற்கிறான், தன் தலைவர் என்ன எண்ணியிருக்கிறார் என்பவற்றை அறியும் உரிமை உண்டு. அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பும் தேசம், இந்த அறிவையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. புள்ளலூரில் பெயரின்றி விழுந்தவர்களுக்கு அன்று அதைக் கொடுப்பார் இல்லை. அவர்களை அனுப்பியது அயலாரின் கம்பெனி. இன்று அனுப்புகிறவர்கள் நாமே. பொறுப்பும் நம்முடையதே.